நெற்றியில் ஒரு நட்சத்திரம்

ஹெர்மிலா டீச்சர் குரல் கொடுத்தால் எங்கள் மலையூர்க் கழுதைகள்கூட வரிசையில் நிற்கும். இருபது வருஷம் அந்தக் குரலாலேயே பாலர் பள்ளியை நடத்தியவரை, பிள்ளைகளைப் பாராட்டி வழிநடத்தக் கற்றுவரச் சொல்லி லோஹா நகரத்துக்கு ஒருநாள் பயிற்சிக்கு அனுப்பினார்கள். திரும்பி வந்தவர் அதே குரலில் பாராட்டத் தொடங்கினார்.

“அடேய்! எவ்வளவு அழகா பங்கு போட்டுத் தின்னுற!”

பயத்தில் பையன் வாழைக்காய் உருண்டையைக் கீழே போட்டான். அந்த உருண்டைகளை உருட்டும் பள்ளிச் சமையல்காரி நான்தான்.

நல்லபடி நடக்கும் பிள்ளையின் நெற்றியில் தங்க நட்சத்திரம் ஒட்டுவது எங்கள் வழக்கம். பிள்ளை என்ன நல்லது செய்தது என்று எந்தத் தாயும் கேட்டதில்லை. தேவாலயத்து ஞாயிறு பூசையில் ஊர் பார்க்க வேண்டுமே என்று பிள்ளையின் முகத்தைக் கழுவாமல் வைத்திருப்பார்கள்.

ஒருநாள் நயேலியின் அம்மா ரொசௌரா வாசலில் வந்து குதித்தாள்.

“பக்கத்து வீட்டுப் பொடியனுக்கு ரெண்டு, எம்மவளுக்கு ஒண்ணுதானா?”

“கத்தாதீங்க! இங்க மென்மையாத்தான் பேசணும்!” என்று டீச்சர் கூரை அதிரக் கத்தினார்.

நாலு வயது நயேலி இருவரையும் பார்த்தாள். தன் நட்சத்திரத்தைப் பிய்த்துவந்து, என்னைக் குனியச் சொல்லி, என் நெற்றியில் ஒட்டினாள்.

“நீங்கதான் அத்தை கத்தாம இருந்தீங்க.”

இருவரும் என் நெற்றியைப் பொறாமையோடு பார்த்தார்கள். என் வாய் நிறையப் பிள்ளைகளின் உருண்டை இருந்ததை நான் சொல்லவில்லை.

ஞாயிறு பூசை வரை நானும் முகம் கழுவவில்லை.