பதினாறு எழுத்துக்குள் அடங்காத முருகன்

இன்று அரியலூரில் ஒரு சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில், லாரிகளை நிறுத்து எடை பார்க்கும் மேடைக்குக் கம்ப்யூட்டர் பழுது பார்க்கப் போனேன். அங்கே அது தினமும் காலை முதல் பதிவிலேயே உறைந்துவிடுகிறதாம். வாசலுக்கு வெளியே லாரி வரிசை.

காரணம் சீக்கிரமே தெரிந்தது. குமாஸ்தா ராமலிங்கம் நாளின் முதல் பதிவை எந்த லாரிக்கும் போடுவதில்லை. லாரி எண் கேட்கும் கட்டத்தில், ஆங்கில எழுத்தில், ‘ஸ்ரீ முருகன் துணை’ என்று அடிக்கிறார். இடைவெளியோடு பதினெட்டு எழுத்து.

எடைக்கருவியைக் கம்ப்யூட்டரோடு பேசவைக்கும் ‘டிரைவர்’ நிரலை எழுதிய மேதை, நினைவகத்தில் பதினாறு எழுத்துக்குத்தான் இடம் விட்டிருக்கிறார். நீளத்தைச் சரிபார்க்கவே இல்லை. மிச்சம், கம்ப்யூட்டரையே இயக்கும் கெர்னலின் நினைவகத்தில் போய் விழுகிறது.

“தெரிஞ்சவன் எவனாச்சும் இத வச்சு எடையையே மாத்திடலாம் சார்” என்றேன் மேனேஜரிடம்.

“இங்க அவ்வளவு வெவரமானவன் எவனும் இல்லைங்க” என்றார். பெருமையாகத்தான் சொன்னார்.

நீளம் மீறினால் வெட்டிவிடும்படி இரண்டு வரி சேர்த்தேன். ராமலிங்கம் அடித்துப் பார்த்தார். கம்ப்யூட்டர் உறையவில்லை. கடைசி இரண்டு எழுத்து மட்டும் திரையில் இல்லை.

“ஐயோ, சாமி பேர வெட்டிப்புட்டீங்களே சார்!” என்று பதறினார் ராமலிங்கம்.

மேனேஜர் கன்னத்தில் போட்டுக்கொண்டார். “பழசையே போட்டுட்டுப் போங்க. காலைல ஒருதடவ நின்னா நின்னுட்டுப் போவுது.”

பல்லைக் கடித்துக்கொண்டு இடத்தை அறுபத்து நாலு எழுத்தாகக் கூட்டினேன்.

மேனேஜர் முகம் மலர்ந்தது. “அப்பறம் என்ன ராமலிங்கம், நாளையிலேருந்து வள்ளி தெய்வானையையும் சேத்துப் போட்டுடுய்யா!”

நல்லவேளை, நீளம் மீறினால் வெட்டும் அந்த இரண்டு வரியை நான் எடுக்கவில்லை.

உங்கள் ஆபீஸில் முதல் பதிவு எந்தச் சாமிக்கு?