மஞ்சளுக்கும் நீலத்துக்கும் நடுவில்

விராலிமலைக்கு வெளியே லாரியை ஓரங்கட்டி டீ குடித்துக்கொண்டிருந்தோம். சரக்கு ஏற்ற வேண்டிய கம்பெனியின் இணையப் பக்கம் டிரைவரின் போனில் திறந்திருந்தது. மேலே ஆரஞ்சு, கீழே நீலம், இரண்டும் சேருமிடத்தில் கழுவிவிட்ட அழுக்குத் தண்ணீர். கிளீனருக்கு இதில் என்ன வந்தது என்று கேட்பீர்கள். ஒரு காலத்தில் நானும் இப்படிப் பக்கம் கட்டியவன். வண்டி பேட்டரியின் புளித்த வாடையும் சேர்ந்துகொண்டதா, நினைப்பு அன்னவாசல் செல்வி அக்கா கடைக்கே போய்விட்டது. அங்கேயும் இன்வெர்ட்டர் பேட்டரி இப்படித்தான் நாறும்.

பத்தாவது தாண்டாதவன் நான். திருப்பூர் சாயப்பட்டறை, போர்வெல் லாரி என்று சுற்றிவிட்டு அக்காவின் கம்ப்யூட்டர் கடையில் ஒதுங்கினேன். படுக்கை அங்கேயே, பிரிண்டருக்குப் பின்னால். அடுத்தவர் இணையப் பக்கங்களைத் திறந்து, உள்ளே எழுதியிருக்கும் கட்டளைகளைப் பார்த்துப் பார்த்தே பக்கம் கட்டக் கற்றேன். இரண்டு நிறங்களின் பெயரை எழுதினால் ஒன்று இன்னொன்றில் கரைந்துபோகும் அந்த கிரேடியன்ட் வித்தையில் மயங்கிக் கிடந்தேன். மருந்துக் கடைப் பக்கம்கூட என் கைபட்டு அந்தி வானமாக இருந்தது.

அப்போதுதான் பக்கத்து ஊர்த் தேர்த் திருவிழா வந்தது. அந்த ஊரில் இரண்டு கரை. குளத்தங்கரை இல்லை, கோயில் காரியத்துக்காக ஊர் பிரித்துக்கொண்ட பங்கு. வடகரைக்கு மஞ்சள் துண்டு, தென்கரைக்கு நீலத் துண்டு. வடத்தை யார் முதலில் தொடுவது என்ற தகராறில் தேர் பல வருடம் கொட்டகையிலேயே நின்றது. அந்த வருடம் ஒருவழியாகச் சமாதானமாகி, வெளிநாட்டில் இருக்கும் சனங்களுக்காக ஒரு பக்கம் போடச் சொன்னார்கள். மேலே மஞ்சள், கீழே நீலம் என்று கரைத்துவிட்டு, ஒற்றுமையை இதைவிட அழகாக யார் காட்ட முடியும் என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

காப்புக் கட்டுக்கு முந்தின நாள் மதியம் கடை வாசலில் பைக்குகள் வந்து நின்றன. தென்கரைப் பெரியவர் கருப்பையா போனை என் முகத்துக்கு நேராக நீட்டினார்.

"எங்க நீலத்த எங்கிட்டுப்பா ஒளிச்சு வச்சிருக்க? சிங்கப்பூர்லேருந்து மச்சான் காறித் துப்புறான்."

"கீழ தள்ளுங்க மாமா, வரும்."

"அப்ப நாங்க அவுங்க காலடியில கெடக்கணுமா?"

கடையின் பெரிய திரையில் சுருக்கி வைத்துப் பார்த்தபோது இரண்டு நிறமும் தெரிந்தன. போனிலோ பக்கம் நீண்டு, நீலம் பாதாளத்துக்குப் போயிருந்தது. அதற்குள் வடகரை ராசுவும் ஆட்களோடு வந்துவிட்டார்.

"மேப்புல வடக்கு மேலதானய்யா இருக்கு? பள்ளிக்கூடம் போயிருந்தா தெரியும்."

"நீ எத்தனாப்பு படிச்ச, அதச் சொல்லு மொதல்ல. இதச் சரிபண்ணல, நாளைக்குக் காப்புக் கட்ட எங்காளு ஒருத்தன் வரமாட்டான்," என்றார் கருப்பையா மாமா.

தேர் மறுபடியும் கொட்டகையோடுதான் என்று எல்லோருக்கும் புரிந்தது. வெளியே யாரோ ஒருவன் சட்டைக் கையை மடித்துவிட்டான். அக்கா ஷட்டரைப் பாதி இறக்கினாள். போதாததற்குக் கரண்டும் போய், இன்வெர்ட்டர் கீச்சிட ஆரம்பித்தது.

நிறங்களைப் பக்கவாட்டில் திருப்பினேன். இப்போது இரண்டும் ஒரே பார்வையில் தெரிந்தன. ஆனால் நடுவில் சாம்பல். சாயப்பட்டறையில் மஞ்சளும் நீலமும் சேர்ந்தால் பச்சைதான். திரையில் அப்படி இல்லை என்பது அந்த நேரம் பார்த்தா எனக்குத் தெரியவேண்டும்?

"ஆத்தா திருவிழாவுக்குச் சாம்பலாடா?" என்றார் ராசு. அதில் மட்டும் இரண்டு கரையும் ஒன்றாகிவிட்டது.

"துன்னூறுன்னு நெனச்சுக்கங்களேன்," என்றாள் அக்கா. யாரும் சிரிக்கவில்லை.

இரண்டுக்கும் நடுவில் பச்சை என்று ஒரு சொல்லைச் சேர்த்தேன். மஞ்சள் இளந்தளிராகி, பச்சையாகி, நீலத்துக்குள் இறங்கியது. மூச்சு விடுவதற்குள் கருப்பையா மாமா, "இடது பக்கம் எதுக்கு அவுங்களுக்கு? அதுலேருந்துதான வாசிக்க ஆரம்பிக்கிறோம்?" என்றார்.

அக்கா அம்மன் படத்தை நடுவில் வைக்கச் சொன்னாள். "நீங்க பாக்குற பக்கத்த விடுங்க. ஆத்தா ஒங்களப் பாக்குறா. அவ வலது கை எங்கிட்டு இருக்கு?"

தேரில் அம்மனுக்கு வலது வடம் வடகரைக்கு, இடது வடம் தென்கரைக்கு. அது தாத்தன் காலத்து ஏற்பாடு. அதில் எப்போதும் சண்டை இல்லை. திரையிலும் அப்படியே மஞ்சள் அவள் வலக்கையிலும் நீலம் இடக்கையிலும் நின்றது. சேவ் செய்து ஏற்றினேன். கருப்பையா மாமா போனைத் தள்ளிப் பிடித்துப் பார்த்தார், கிட்டே பிடித்துப் பார்த்தார். "ம்," என்றார். அந்தக் கையோடு இன்வெர்ட்டர் தீர்ந்து கம்ப்யூட்டர் அணைந்தது.

மறுநாள் காப்புக் கட்டினார்கள். தேரும் ஓடியது. அடுத்த மழைக்கு முன் நான் வேறு ஊர் போய்விட்டேன்.

டீ ஆறுவதற்குள் அந்தப் பக்கத்தைத் தேடிப் பார்த்தேன். இல்லை. இப்போது வடகரைக்கு ஒரு பக்கம், முழு மஞ்சள். தென்கரைக்கு ஒரு பக்கம், முழு நீலம். அக்காவுக்குப் போன் போட்டேன். சண்டையெல்லாம் இல்லையாம், தனித்தனியாகப் போட்டால் வம்பில்லையாம். இரண்டிலும் போன வருடத் தேர் வீடியோ கிடக்கிறது. ஒன்றில் வலது வடம் இழுப்பது மட்டும் தெரிகிறது, மற்றதில் இடது வடம் மட்டும். சிங்கப்பூரில் வளரும் பிள்ளைகள் தேருக்கு ஒரே வடம்தான் என்று நினைத்துக்கொண்டிருக்கும்.