அம்மா கேட்ட லீவு

ஏழு மாதங்கள் நான் ஆலங்குடிக்குப் பக்கத்தில் எங்கள் வீட்டு மாடியில் உட்கார்ந்து வேலை பார்த்தேன். ஊரில் எல்லோருக்கும் அப்படித்தான் தெரியும். உண்மையில் வேலை தேடிக்கொண்டிருந்தேன். பார்ப்பதற்கு இரண்டும் ஒன்று போலவே இருக்கும் என்பது எங்கள் தொழிலில் உள்ள பெரிய வசதி. இரண்டிலும் ஒருவன் லேப்டாப் முன்னால் நெற்றியைச் சுருக்கிக்கொண்டு எதையோ தட்டிக்கொண்டிருப்பான்.

பத்தொன்பது வருடம் சென்னையில் சாஃப்ட்வேர் எழுதியவன் நான். ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் பதினைந்து நிமிட வீடியோ கால் ஒன்றுக்கு அழைத்தார்கள். முதல் ஐந்து நிமிடம், தான் பேசுவது எனக்குக் கேட்கிறதா என்று கம்பெனி எச்.ஆர். பெண் கேட்டுக்கொண்டிருந்தார். மீதிப் பத்து நிமிடத்தில் வேலை போய்விட்டது. கடைசியில் ‘வேறு ஏதும் கேள்வி இருக்கிறதா’ என்றார். இல்லை என்று சொல்லி நன்றியும் சொன்னேன். எதற்கு நன்றி சொன்னேன் என்று இன்றுவரை எனக்குக் கோபம்.

அதே வாரம் அம்மாவுக்குப் புதுக்கோட்டையில் முட்டி ஆபரேஷன். அப்பா தவறி நான்கு வருடம் ஆகிவிட்டது, நான் ஒரே பிள்ளை. மனைவி டீச்சர், மகள் ஒன்பதாம் வகுப்பு, அவர்களால் சென்னையை விட்டு நகர முடியாது. என்னால் தாராளமாக முடியும். ‘ஆபீஸில் வீட்டிலிருந்தே வேலை பார்க்கச் சொல்லிவிட்டார்கள்’ என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு, பெட்டியோடு வந்து இறங்கினேன். ஆபரேஷன் முடிந்த கையோடு சொல்ல வேண்டாம், ஒரு மாதம் போகட்டும் என்று நினைத்தேன். அதற்குள் வேறு வேலை கிடைத்துவிட்டால் சொல்லவே தேவையில்லை பாருங்கள். மனைவிக்கு மட்டும் தெரியும். தினமும் போனில் அவள் முதலில் கேட்பது, “அம்மாகிட்ட சொல்லிட்டீங்களா?” சாப்பிட்டீர்களா என்பது அதற்கு அப்புறம்தான்.

சொல்லவில்லை. பயமாக இருந்தது. எங்கள் தெருவில் கம்ப்யூட்டர் படித்த முதல் ஆள் நான். அந்தப் பெருமையை அம்மா இத்தனை வருடமாக நல்ல புடவை மாதிரி எடுத்து எடுத்து உடுத்தியிருக்கிறாள். அதை என் வாயால் கிழிக்க வேண்டுமா என்று தள்ளிப் போட்டேன்.

காலை ஒன்பது மணிக்குச் சட்டையை மாட்டிக்கொண்டு மாடி ஏறுவேன். இடுப்புக்குக் கீழே கட்டம் போட்ட கைலிதான், அது கேமராவில் தெரியாது. எனக்குப் பின்னால் இரண்டு கடலை மூட்டை, ஒரு பழைய பீரோ. பின்னணியை மங்கலாக்கும் வசதியைப் போட்டால் மூட்டைகள் மறைந்துவிடும், பீரோவின் கைப்பிடி மட்டும் என் காதுக்குப் பக்கத்தில் அவ்வப்போது எட்டிப் பார்க்கும். அம்மாவால் படி ஏற முடியாது. அதனால் மாடியில் என் ரகசியம் பத்திரமாக இருந்தது.

கீழே அம்மா வாசலில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து என் ஆபீஸுக்குக் காவல் இருந்தாள். சென்னையில் பெரிய பெரிய கட்டடங்களில் வேலை பார்த்திருக்கிறேன், இப்படி ஒரு செக்யூரிட்டி எங்கும் கிடையாது. குழாயடிச் சண்டையைக்கூட அடுத்த தெருவுக்கு மாற்றிவிட்டாள். தினமும் பத்தரை மணிக்குக் காய்கறிக்காரர் லோடு ஆட்டோவில் ஸ்பீக்கர் கட்டிக்கொண்டு வருவார். தக்காளியும் கத்திரிக்காயும் அதில் பதிவு செய்த குரலில் முழங்கும். ஆட்டோ முக்கில் திரும்பும்போதே அம்மாவின் குரல் கிளம்பும்.

“தம்பி, சத்தத்தக் கொறைங்க! எம்மவன் ஆபீஸ்ல இருக்கான்!”

அவரும் உடனே குறைப்பார். அந்தக் குரல் கேட்கும்போதெல்லாம் மாடியில் எனக்கு உடம்பு கூசும்.

வேலை தேடுவதும் சும்மா இல்லை. ஒரு விளம்பரத்தில், வந்து இரண்டு வருடமே ஆன ஒரு கருவியில் ஐந்து வருட அனுபவம் கேட்டிருந்தார்கள். இன்னொரு இடத்தில் என் அனுபவம் அதிகம் என்றார்கள். அதே வாரத்தில் வேறொருவர் அதே அனுபவத்தைப் பார்த்துவிட்டு, “இதையெல்லாம் இப்ப ஏஐயே எழுதிருதே சார்” என்றார். ஒரு நாள் விண்ணப்பம் அனுப்பிவிட்டுத் தண்ணீர் குடிக்கக் கீழே போய் வந்தேன். அதற்குள் மறுப்புக் கடிதம் வந்திருந்தது. என் விவரங்களை மிகுந்த கவனத்தோடு பரிசீலித்தார்களாம். ஒரு சொம்புத் தண்ணீர் குடிக்கிற நேரத்தில் பத்தொன்பது வருடத்தைப் பரிசீலித்தவர்களை நான் குறை சொல்லக் கூடாது.

எல்லோரும் கேட்கிற கேள்வி, எப்போது சேர முடியும் என்பது. உடனே சேர முடியும் என்பேன். உடனே சேரக்கூடிய ஆள்தான் அவர்களுக்கும் வேண்டும். ஆனால் ஒருவன் உடனே சேர முடியும் என்று சொன்னால், இவன் ஏன் சும்மா இருக்கிறான் என்று அவர்களுக்குச் சந்தேகம் வந்துவிடும்.

ஏழாவது மாதம், தை முடிகிற சமயத்தில், பெங்களூரு கம்பெனி ஒன்றில் நான்காவது சுற்று வரை போய்விட்டேன். அதுதான் கடைசிச் சுற்று. கேள்வி கேட்டவருக்கு முப்பது வயதுக்குள்தான் இருக்கும். பெயரைப் பார்த்தால் தமிழ்ப் பிள்ளை போலத்தான் இருந்தது, ஆனாலும் இரண்டு பேரும் இங்கிலீஷிலேயே மரியாதையாக நடந்துகொண்டோம். எல்லாம் நன்றாகவே போனது. கடைசியில் அவர் என் ரெஸ்யூமேவைப் பார்த்துக்கொண்டே, இதில் ஏழு மாதம் காலியாக இருக்கிறதே, என்ன செய்தீர்கள் என்று கேட்டார்.

அந்தக் கேள்விக்கு என்னிடம் மனப்பாடமாக ஒரு பதில் இருந்தது. திறமையை மேம்படுத்திக்கொண்டேன் என்று தொடங்கும். வாயைத் திறந்தேன். மாடிப்படியில் கைத்தடிச் சத்தம் கேட்டது.

கந்தர்வக்கோட்டையிலிருந்து மாமா வந்திருந்தார். அம்மாவுக்குச் சித்தி மகன். வெள்ளிக்கிழமை அவர் மகளுக்குக் கல்யாணம். எங்கள் பக்கம் பத்திரிகையை மேஜையில் வைத்துவிட்டுப் போவதெல்லாம் கிடையாது. தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கோடு வைத்து, வீட்டுத் தலைவர் கையில் கொடுக்க வேண்டும். அவரும் எழுந்து நின்று இரண்டு கையாலும் வாங்க வேண்டும். உட்கார்ந்தபடி வாங்கினால் அந்தக் கல்யாணத்தையே அவமதித்த மாதிரி. அப்பா இல்லாத வீட்டில் தலைவர் நான்தான். அவன் ஆபீஸில் இருக்கிறான் என்று அம்மா சொல்லிப் பார்த்திருக்கிறாள். மாமா கேட்கவில்லை. அவர் தாம்பாளத்தோடு மாடி ஏற, தம்பியைத் தனியே அனுப்ப மனசு வராமல், ஆபரேஷனுக்குப் பிறகு முதல் தடவையாக அம்மாவும் கைத்தடியை ஊன்றிக்கொண்டு பின்னாலேயே ஏறிவிட்டாள்.

“மாப்ள, ரெண்டே நிமிசம். அத்தான் இருந்திருந்தா அவரு கையில குடுத்திருப்பேன். எந்திரிச்சு வாங்கிக்க” என்றார் மாமா.

நான் எழுந்து நின்றேன். யோசித்திருந்தால் ஒரு நிமிடம் இருங்கள் என்று சொல்லியிருக்கலாம். தாம்பாளத்தைப் பார்த்ததும் கால் தானாக எழுந்துவிட்டது. காதில் மாட்டியிருந்த ஹெட்போனின் ஒயர் பிடுங்கிக்கொண்டது. என் கைலி முழு அழகோடு பெங்களூருக்குத் தெரிந்தது. இரண்டு கையையும் நீட்டிப் பத்திரிகையை வாங்கினேன்.

அம்மா மூச்சு வாங்கிக்கொண்டே திரையைப் பார்த்தாள். “இவருதான் ஒன் மேனேஜரா?”

நான் பத்திரிகையைப் பார்த்துத் தலையைத் தாழ்த்தினேன். அதை ஆமாம் என்று எடுத்துக்கொண்டு, அம்மா திரைக்குப் பக்கத்தில் குனிந்தாள்.

“நல்லா இருக்கீங்களா தம்பி? சாப்பிட்டீங்களா? தப்பா நெனைக்காதீங்க, ஒண்ணு கேக்கணும். எம்மவன் ஏழு மாசமா ஒரு நா லீவு போடல. காலையில ஒம்பது மணிக்கு மேல ஏறுனா பொழுது சாயத்தான் கீழ வாரான். பொங்கலன்னைக்குக்கூட இதுலதான் ஒக்காந்திருந்தான். வெள்ளிக்கெழம கல்யாணம், இவன் போகலைன்னா நல்லா இருக்காது. ஒரே ஒரு நா லீவு குடுங்க தம்பி.”

அந்த இளைஞரின் பார்வை கீழே இறங்கியது. என் ரெஸ்யூமே அங்கேதான் இருந்திருக்கும். பிறகு என்னைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார். இனி எல்லாம் முடிந்தது என்று நான் நின்றுகொண்டிருந்தேன். ஒயர் பிடுங்கிக்கொண்டதால் அவர் குரல் அறை முழுக்கக் கேட்டது. தமிழில் பேசினார்.

“சரிங்கம்மா. கண்டிப்பா குடுத்துருவோம்.”

“நீங்களும் குடும்பத்தோட வந்துரணும் தம்பி” என்று மாமா பத்திரிகையின் மஞ்சள் தடவிய முனையைக் கேமராவில் இடிக்கிற மாதிரி காட்டினார். அவர் அதற்கும் சரி என்றார்.

இருவரும் மெதுவாகப் படியிறங்கினார்கள். பிறகு அந்த இளைஞர் சொன்னார். “சார், அந்த ஏழு மாசத்தப் பத்திக் கேட்டேன்ல, அதுக்குப் பதில் கெடைச்சிருச்சு. அடுத்த கேள்விக்குப் போகலாமா?”

அடுத்த கேள்வி என்ன, நான் என்ன பதில் சொன்னேன் என்பதெல்லாம் எனக்கு ஞாபகம் இல்லை. ஆனால் சிரித்துக்கொண்டே பேசி முடித்தோம். ஏழு மாதத்தில் முதல் தடவையாக இந்த வேலை கிடைத்துவிடும் என்று நம்பினேன். கிடைத்ததும் அம்மாவிடம் எதையுமே சொல்ல வேண்டியதில்லை என்றும் ஒரு கணக்குப் போட்டேன்.

புதன்கிழமை கடிதம் வந்தது. என் திறமை அவர்களை வெகுவாகக் கவர்ந்துவிட்டதாம், ஆனால் அந்த இடத்தை இப்போதைக்கு நிரப்பவில்லையாம். அரைமணி நேரம் கழித்து அந்த இளைஞரிடமிருந்து தனியாக ஒரு செய்தி வந்தது. ‘சார், ஆள் எடுப்பதையே நிறுத்திவிட்டார்கள். உங்களால் இல்லை. வெள்ளிக்கிழமை லீவு சாங்ஷன் ஆகிவிட்டது என்று அம்மாவிடம் சொல்லிவிடுங்கள்.’

கடலை மூட்டையில் சாய்ந்து உட்கார்ந்து அழுதேன். இத்தனை மறுப்புக் கடிதங்களுக்கும் வராத அழுகை, கிடைக்காத வேலையில் கிடைத்த ஒரு நாள் லீவுக்கு வந்தது. முகத்தைக் கழுவிக்கொண்டு கீழே போனேன். அம்மா சட்னிக்குக் கடலை உரித்துக்கொண்டிருந்தாள்.

“அம்மா, எனக்கு வேலை போயி ஏழு மாசம் ஆச்சு. மாடியில வேலைதான் தேடிக்கிட்டு இருந்தேன்.”

உரித்த கை நின்றது. “அப்ப அந்தத் தம்பி?”

“வேலை கேட்ட எடத்து ஆளு. இல்லைன்னு சொல்லிட்டாங்க.”

அம்மாவின் முகம் போன போக்கை நான் எதிர்பார்க்கவில்லை. கையிலிருந்த கடலை முறத்தில் விழுந்தது.

“ஐயய்யோ! வேலையில சேருமுன்னயே லீவு கேட்டுட்டேனே! சேரவே இல்லை, அதுக்குள்ள லீவு கேக்குறான்னு நெனச்சுத்தான் இல்லைன்னுட்டாங்களா?”

அதுவரை என் மானம்தான் பெரிதாக இருந்தது. அந்த நொடியில் அது எங்கே போனதென்று தெரியவில்லை. போனை எடுத்து அந்தச் செய்தியைப் படித்துக் காட்டினேன். ‘உங்களால் இல்லை’ என்ற இடத்தை மறுபடி படிக்கச் சொன்னாள். மூன்றாவது தடவையும் படித்தேன். அப்புறம்தான் அவளுக்கு மூச்சு வந்தது, மூச்சோடு கோபமும் வந்தது.

“எங்கிட்டச் சொன்னா என்னடா? ஆப்பரேசன் பண்ணுனது முட்டியிலதான? நெஞ்சுலயா பண்ணுனாங்க?”

பக்கத்தில் உட்கார்ந்து நானும் கடலை உரித்தேன். ராத்திரி மனைவி போனில் கேட்பதற்கு முன்பே சொல்லிவிட்டேன் என்றேன். “அப்பாடா” என்றவள், அப்புறம்தான் சாப்பிட்டீர்களா என்று கேட்டாள்.

வெள்ளிக்கிழமை கல்யாணத்துக்குப் போனோம். மேனேஜரிடம் நேரிலேயே பேசி லீவு வாங்கிக் கொடுத்த கதையை மாமா பந்தி பந்தியாகச் சொல்லிக்கொண்டிருந்தார். “லீவு கெடைச்சிருச்சா?” என்று கேட்டவர்களுக்கெல்லாம் அம்மா ஆமாம் என்றாள், நான் தலையாட்டினேன். ஒரு வகையில் அது உண்மைதானே. திரும்பி வரும்போது பஸ்ஸில் அம்மா ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே, “இனிமே இப்பிடிச் சொல்ல வேணாம். நாக்கு கூசுது” என்றாள்.

திங்கட்கிழமை ஒன்பது மணிக்குச் சட்டையை மாட்டிக்கொண்டு மாடி ஏறினேன். பத்தரைக்கு ஸ்பீக்கர் சத்தம் முக்கில் திரும்பியது. அம்மாவின் குரல் வழக்கத்தைவிட ஓங்கி ஒலித்தது.

“தம்பி, சத்தத்தக் கொறைங்க! எம்மவன் வேலை தேடிக்கிட்டு இருக்கான்!”

ஏழு மாதம் நான் பொத்திப் பொத்தி வைத்திருந்தது ஒரே மூச்சில் தெருவின் இரண்டு முனைக்கும் போய்விட்டது. தக்காளி விலை பாதியில் நின்றது. பிறகு அதே ஸ்பீக்கரில் காய்கறிக்காரரின் சொந்தக் குரல் வந்தது. “என்ன வேலைம்மா தேடுறாங்க?”

உங்களைப் பற்றிச் சொல்லுங்கள் என்று எத்தனையோ பேர் என்னைக் கேட்டிருக்கிறார்கள். எல்லோரிடமும் ஒத்திகை பார்த்த இங்கிலீஷில் சொல்லியிருக்கிறேன். அன்று எழுந்து போய், மாடிச் சுவரில் கையை ஊன்றிக்கொண்டு சொன்னேன். “கம்ப்யூட்டர்ல புரோகிராம் எழுதுற வேலைண்ணே. பத்தொன்பது வருசம் பாத்தேன். இப்ப இல்லை, தேடுறேன்.”

எதிர் வீட்டு ஜன்னல் திறந்தது. அம்மா நாற்காலியிலிருந்து என்னை நிமிர்ந்து பார்த்தாள். அவள் முகத்தில் கூச்சம் எதையும் காணோம்.

“கெடைச்சிரும் தம்பி. நீங்க போயி பாருங்க” என்று சொல்லிவிட்டு அவர் ஸ்பீக்கரை முழுசாக அணைத்தார். இன்ஜினையும் அணைத்துவிட்டு, எங்கள் வீட்டைத் தாண்டும் வரை ஆட்டோவைக் கையால் தள்ளிக்கொண்டே போனார்.

அன்றைக்கு எனக்கு இன்டர்வியூ எதுவும் இல்லை. அதை மட்டும் நான் அவரிடம் சொல்லவில்லை.