இரண்டு கார், நான்கு எலுமிச்சம்பழம்

போன மாதக் கடைசி வெள்ளிக்கிழமை. ஈப்போவில் ஒரு பெரிய கார் ஷோரூம். ஏர்கோன் பல் நடுங்க வைக்கிற குளிர். எனக்கோ சட்டைக்குள் வியர்வை ஓடுகிறது!

ஏன் என்று சொல்கிறேன், பிள்ளைகளே.

இந்தப் பகுதியை வாராவாரம் படிப்பவர்களுக்குத் தெரியும், மாமா ஒரு டிரைவர் என்று. மூன்றாம் படிவத்தோடு பள்ளிக்கூடத்துக்கு டாட்டா காட்டியவன். பதினெட்டு வருடமாக ஒரே முதலாளி. சீனர். தவுக்கே என்றுதான் கூப்பிடுவேன். தண்ணீர்க் குழாய்க்கு மூடி, வளையம் எல்லாம் செய்கிற தொழிற்சாலை வைத்திருக்கிறார்.

அவருடைய பழைய கார் மேடு ஏறும்போதெல்லாம் இருமத் தொடங்கிவிட்டது. புதிது வாங்க வேண்டும். சாதாரணக் கார் இல்லை... பெரிய மனிதர்கள் போகிற நீளமான சொகுசுக் கார். பார்த்ததில் இரண்டு அவருக்குப் பிடித்துப்போனது. ஒன்று கறுப்பு, இன்னொன்று சாம்பல் நிறம். விலை ஏறக்குறைய ஒன்றுதான். கம்பெனி வேறு, கடை வேறு.

"நீதானே ஓட்டப் போற? நீயே பாத்துச் சொல்லு" என்றார் தவுக்கே. அவர் பேசுவது மலாய். உங்களுக்காகத் தமிழில் எழுதுகிறேன்.

எனக்கு ஒரே பெருமை! என் சொந்தக் காரில் கண்ணாடியை இறக்கினால் கையால் தூக்கித்தான் ஏற்ற வேண்டும். அப்படிப்பட்டவனிடம் போய் இந்தக் கேள்வி...

பெருமை ஒரு நாள்கூட நிற்கவில்லை.

கறுப்புக் கார் விற்கிற கடையில் என் அக்கா மகன் தினேஷ் விற்பனையாளன். ஆறு மாதத் தற்காலிக வேலை. மாதக் கடைசிக்குள் இன்னும் ஒரே ஒரு கார் விற்றால் வேலை நிரந்தரம். விற்காவிட்டால்? வீட்டுக்குப் போக வேண்டியதுதான். அத்தான் இறந்த பிறகு பள்ளிக்கூடக் கேண்டீனில் மீ நூடுல்ஸ் பிரட்டியே அவனைப் படிக்க வைத்தவர் என் அக்கா.

உறவினர் வீட்டுப் பிறந்தநாள் விருந்தில் அக்கா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"தம்பி, நீ சொன்னா ஒன் தவுக்கே கேப்பாருலா?"

"கேப்பாருக்கா."

"அப்ப என் மகனுக்காக ஒரு வார்த்த சொல்லு. தாய்மாமன் நீ இருக்க, நான் வேற யாருகிட்ட போய் நிக்க?"

என் வாய் நிறைய ஆட்டுக்கறி. அதோடு சொன்னேன், "கவலய விடுக்கா. நான் பாத்துக்கிறேன். கறுப்புதான்!"

காரை நான் அதுவரை தொட்டுக்கூடப் பார்க்கவில்லை.

மறுநாளே அக்கா நான்கு எலுமிச்சம்பழம் வாங்கி மகனிடம் கொடுத்துவிட்டார். நம் வீடுகளில் புதுக் கார் எடுத்தால் நான்கு டயருக்கு அடியிலும் வைத்து நசுக்குவோமே, அதற்காக. "தவுக்கே சீனரும்மா" என்றானாம் தினேஷ். "இருந்தா என்னலா? டயரு டயருதானே!" என்றாராம் அக்கா.

புதன்கிழமை இரண்டு காரையும் ஓட்டிப் பார்க்கப் போனேன். முதலில் கறுப்பு. பக்கத்து சீட்டில் தினேஷ். அடடா... ஓடுகிறதா, மிதக்கிறதா? ஸ்டியரிங்கில் இரண்டு விரல் போதும். லாரி பக்கத்தில் போனால்கூடச் சத்தமில்லை. திரும்பி வந்து நிறுத்தினேன். பிறகு இறங்கி, பின் சீட்டில் போய் உட்கார்ந்தேன்.

பின் சீட்டில் எதற்கு?

அந்தக் காரில் அதிகம் போகப் போகிறவர் தவுக்கே இல்லை, அவருடைய அம்மா. வயது எண்பதைத் தாண்டிவிட்டது. அந்த வீட்டில் எல்லாரும் மரியாதை வைத்திருக்கிற மனுஷி. நான் பெரியம்மா என்று கூப்பிடுவேன். இரண்டு முட்டியிலும் அறுவை சிகிச்சை. சிறுநீரகத்துக்கு வாரம் மூன்று நாள் ஆஸ்பத்திரி. மணிக்கட்டில் பலமில்லை, ஊன்றி எழ முடியாது.

அதனால் நானும் கையைக் கட்டிக்கொண்டேன். ஊன்றாமல் எழுந்து வெளியே வர முயன்றேன்.

முடியவில்லை. இன்னொரு தடவை... முடியவில்லை. மூன்றாம் தடவை தலை மேலே இடித்ததுதான் மிச்சம். சீட்டு அவ்வளவு பள்ளம்!

அடுத்து சாம்பல் காரின் கடை. அங்கேயும் பின் சீட்டு, கட்டிய கை. ஒரே எழுச்சி, வெளியே நிற்கிறேன்! நம்பாமல் நான்கு தடவை உட்கார்ந்து எழுந்தேன். அந்தக் கடைக்காரர் பயந்துபோய், "அண்ணே, முதுகு வலியா?" என்று கேட்டார்.

முதுகு இல்லை. வலித்தது வேறு இடம்.

வியாழக்கிழமை முழுவதும் அக்காவா, பெரியம்மாவா என்று இதே யோசனைதான். காரில் ரேடியோகூடப் போடவில்லை. இப்படியே வெள்ளிக்கிழமை வந்துவிட்டது.

தினேஷின் மேசை மேல் ஃபாரம். பக்கத்தில் பேனா. ஓரத்தில் பிளாஸ்டிக் பையில் நான்கு எலுமிச்சம்பழம். கண்ணாடி அறைக்குள்ளிருந்து அவனுடைய மானேஜர் எங்களையே பார்த்துக்கொண்டிருக்கிறார். தினேஷ் சிரித்தபடி பேனாவைத் தவுக்கே பக்கம் நகர்த்துகிறான்.

"எப்படி ராஜூ? இதானா?" என்றார் தவுக்கே.

"நல்ல கார், தவுக்கே. ஓட்ட ரொம்ப சுகம்."

பொய்யா? ஓர் எழுத்துகூடப் பொய் இல்லை! ஆனால் பாதியைச் சொல்லி மீதியை விழுங்குவதற்கு என்ன பெயர்? இதைப் படித்துப் பார்த்த என் மகள், ஐந்தாம் ஆண்டு மாணவி, யோசிக்காமல் சொல்லிவிட்டாள்: "பொய்தாம்ப்பா."

தினேஷ் மூச்சு விட்டான். தவுக்கே பேனாவை எடுத்தார். மூடியைக் கழற்றினார்... நிறுத்தினார்.

"அம்மாவுக்கும் காட்டிடலாம். வெளிய கார்லதானே இருக்காங்க? கூட்டிட்டு வா."

கைத்தடியோடு வந்த பெரியம்மாவுக்கு அரண்மனைக் கதவு மாதிரி பின் கதவைத் திறந்துவிட்டான் தினேஷ். அவர் உட்கார்ந்தார். உட்கார்ந்தாரா? உள்ளே போனார் என்றுதான் சொல்ல வேண்டும்! எல்லாரும் சிரித்தோம்.

"இப்ப எறங்குங்க, பெரியம்மா" என்றேன்.

ஒரு முயற்சி. வரவில்லை. இன்னொன்று. கைத்தடி நழுவித் தரையில் விழுந்தது. பிடிக்க எதுவும் கிடைக்காமல் அவர் கை தினேஷின் டையைப் பற்றிக்கொண்டது. தவுக்கே எங்களுக்கு முதுகு காட்டி ஃபாரம் படித்துக்கொண்டிருக்கிறார். மகன் பார்த்துவிடுவானோ என்று ஒரு முறை திரும்பிப் பார்த்தார் பெரியம்மா. பிறகு மலாயில், சத்தமாகவே சொன்னார்: "நல்ல கார். பஞ்சு மாதிரி இருக்கு."

அவர் நெற்றியெல்லாம் வியர்வை.

தினேஷ் குனிந்து, இரண்டு தோளையும் பிடித்து அவரைத் தூக்கி, ஒரு நாற்காலியில் உட்கார வைத்தான். டையைச் சரிசெய்யக்கூட இல்லை. என்னிடம் வந்து தமிழில் கிசுகிசுத்தான்.

"மாமா, பொதன்கிழம பின்னால ஒக்காந்து கையக் கட்டிக்கிட்டு என்னமோ பண்ணீங்களே... இதுக்குத்தானா?"

நான் மானேஜர் இருந்த பக்கம் திரும்பிக்கொண்டேன்.

"அப்பவே தெரியும்லா ஒங்களுக்கு?"

"தெரியும்டா."

"அப்புறம் ஏன் ஓட்ட சுகம்னு சொல்றீங்க?"

"ஒனக்காகத்தான்டா! ஒங்கம்மாகிட்ட வாக்குக் குடுத்துட்டேன்."

"வாரத்துக்கு மூணு நாளு இவங்கள யாரு தூக்குறது? நானா வாரேன்?"

"மெதுவா பேசுடா, தவுக்கே—"

"ரெண்டு பேரும் சண்ட போடாதீங்கலா!"

சொன்னது பெரியம்மா. சுத்தமான தமிழில்! "எனக்கு முட்டிதான் கெட்டுப்போச்சு. காது நல்லாத்தான் கேக்குது."

தினேஷின் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். அவனுக்குத் தெரியாது, சுங்கை சிப்புட் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் முப்பது வருடம் மளிகைக்கடை நடத்தி, நம் ஆட்களுக்கு அரிசி நிறுத்துப் போட்டவர் அவர் என்று.

தவுக்கே திரும்பினார். "என்ன பேசுறீங்க?"

மானேஜர் கண்ணாடி அறையை விட்டு வெளியே வந்துவிட்டார். பேனா தவுக்கேயின் கையில் திறந்தபடி இருக்கிறது. நான் எலுமிச்சம்பழங்களைப் பார்த்தேன். அக்காவின் முகம் தெரிந்தது. தினேஷைப் பார்த்தேன். அவன் தலையை மட்டும் ஆட்டினான்... சொல்லுங்க என்று.

"தவுக்கே... இது எனக்கு நல்ல கார். பெரியம்மாவுக்கு அந்தச் சாம்பல் கார்தான் நல்லது. இதுல இருந்து அவங்களால எந்திரிக்க முடியல."

தவுக்கே அம்மாவைப் பார்த்தார். தரையில் கிடந்த கைத்தடியைப் பார்த்தார். கடைசியில் என்னை.

"இத ஏன் மொதல்லயே சொல்லல?"



கைத்தடியை எடுத்துக் கொடுத்தது தினேஷ். பக்கத்தில் மானேஜர் நிற்கும்போதே சொன்னான், "அந்தக் கட இதே ரோட்லதான் அங்கிள். ரெண்டாவது டிராஃபிக் லைட் தாண்டி."

இந்த இடத்தில் நீங்கள் என்ன எதிர்பார்ப்பீர்கள்? 'இப்படிப்பட்ட நேர்மையான பையன் எனக்கு வேண்டும்' என்று தவுக்கே அவனைத் தன் தொழிற்சாலையில் சேர்த்துக்கொண்டார்... அப்படித்தானே? நானும் எதிர்பார்த்தேன்.

நடக்கவில்லை. அன்று சாயங்காலம் தினேஷுக்கு வேலை போய்விட்டது. அக்கா என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டார். அடுத்து நடந்த ஒரு விசேஷத்தில் வரிசையாக எல்லாருக்கும் பாயசம் ஊற்றிக்கொண்டு வந்தவர், என் கப்பைத் தாண்டிப் போய் அடுத்தவருக்கு ஊற்றினார். தினேஷ் இப்போது கமுந்திங்கில் ஒரு தொழிற்சாலையில் ஸ்டோர் வேலை பார்க்கிறான். டை இல்லை. சம்பளமும் அவ்வளவு இல்லை.

போன ஞாயிற்றுக்கிழமை சாம்பல் கார் தவுக்கே வீட்டுக்கு வந்தது. கேட்டுக்கு வெளியே ஒரு மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. ஹெல்மெட்டைக் கழற்றியது தினேஷ். கையில் ஒரு பிளாஸ்டிக் பை.

கேட்காமலேயே குனிந்து, நான்கு டயருக்கும் எலுமிச்சம்பழம் வைத்தான்.

"அது நாலும் காஞ்சு போச்சு மாமா. இது புதுசு."

"நீ வாங்கினியா?"

"அம்மா. மாமாகிட்ட சொல்லக்கூடாதுன்னு சொன்னாங்க."

நான் காரை நகர்த்தினேன். நான்கும் நசுங்கிய சத்தம் உள்ளே கேட்டது. பெரியம்மா தானாக ஏறினார், தானாக இறங்கினார். எங்களுக்குக் காட்டுவதற்காகவே இன்னொரு தடவை ஏறி இறங்கினார்!

அக்கா இன்னும் போன் செய்யவில்லை. நான் செய்தால் எடுப்பாரா என்றும் தெரியவில்லை. இந்தப் பத்தியை முடித்ததும் செய்து பார்க்கப் போகிறேன்.

பிள்ளைகளே, உட்கார்ந்து பார்க்காத காருக்கு வாக்குக் கொடுக்காதீர்கள்... வாயில் ஆட்டுக்கறி இருக்கும்போது கொடுக்கவே கொடுக்காதீர்கள்!