புயலுக்குக் காரணம் சொன்ன தாய்மாமன்

என் அம்மாவுக்கு ஒரே ஒரு அண்ணன். எங்கள் புராட்டஸ்டண்ட் சபைக்கு அவர்தான் மூப்பர், போதகருக்கு அடுத்த பெரியவர். மேட்டுப்பாளையம் பக்கம் வாழைத்தோட்டம் வைத்திருந்தார், குடியிருந்தது கணபதியில், எங்கள் வீட்டுக்கு அடுத்த தெருவில். என் அக்காவைத் தன் மகனுக்குக் கேட்டார். அக்கா முடியாது என்று சொல்லிவிட்டு, போத்தனூர் ஸ்டேஷனில் வேலை பார்த்த ஒரு கத்தோலிக்கரைக் கட்டிக்கொண்டாள். கோயிலில் மாதா சொரூபத்துக்கு முன்னால் நடந்த அந்தக் கல்யாணத்துக்கு மாமா வரவில்லை. "சொரூபம் கும்புடற ஊட்டுக்குப் பொண்ணக் குடுத்துப்போட்டீங்க. கர்த்தர் பாத்துட்டுத்தான் இருக்கறாரு" என்று அப்பாவிடம் சொல்லிவிட்டுப் போனார்.

கல்யாணத்துக்குப் பிறகு அத்தானுக்குத் தனுஷ்கோடிக்கு மாற்றலானது. கடலையே பார்த்திராத அக்கா அங்கே குடித்தனம் வைத்தாள். அறுபத்து நாலாம் வருஷம் பிரசவத்துக்காக எங்கள் வீட்டுக்கு வந்தாள். கிறிஸ்துமஸுக்கு லீவு கிடைத்தால் தானும் வருவதாக அத்தான் சொல்லி அனுப்பியிருந்தார்.

கிறிஸ்துமஸுக்கு முன்னால் புயல் வந்தது. பக்கத்து வீட்டு ரேடியோவில்தான் கேட்டோம். கடல் ஊருக்குள் வந்துவிட்டது, ரயில் ஒன்று ஆட்களோடு போய்விட்டது, பாம்பன் பாலம் உடைந்துவிட்டது என்று ஒவ்வொன்றாகச் செய்தி வந்தது. அப்பா அன்றைக்கே கிளம்பி மண்டபம் வரைக்கும் போனார். அதற்கு மேல் விடவில்லை. தப்பி வந்த ரயில்வேக்காரர் ஒருவர், தண்ணீர் வந்தபோது அத்தான் கையில் விளக்கோடு தண்டவாளத்துப் பக்கம் நடந்ததைப் பார்த்ததாகச் சொன்னாராம். அதற்கப்புறம் யாரும் அவரைப் பார்க்கவில்லை.

அப்பா திரும்பி வந்தபோது எங்கள் முகத்தைப் பார்க்க அவரால் முடியவில்லை. வாசலில் நின்றிருந்த பால்காரரிடம், "உடம்பு கெடைக்கலீங்க" என்றார். உள்ளே இருந்த அக்காவுக்கு அது கேட்டுவிட்டது.

ஜனவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் எங்கள் வீட்டில் ஆறுதல் ஜெபம் வைத்தார்கள். போதகர் வந்தார், அவரை நாங்கள் ஐயர் என்போம். சபையார் பாயில் நெருக்கி உட்கார்ந்தார்கள். அப்பாவின் பழைய சிநேகிதரான கம்பவுண்டர் ஒருவர் சுவரோரம் இருந்தார். மாமா மூப்பர் என்பதால் ஐயருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். அக்கா உள்ளறையில் கதவுக்குப் பின்னால் நாற்காலியில் இருந்தாள். அவளுக்கு அப்போது நிறைமாதம்.

முதலில் ஐயர் ஜெபித்தார். அடுத்து மாமா எழுந்தார். நல்ல கனத்த குரல் அவருக்கு. ஆண்டவரே, நீர் அன்புள்ளவர் என்று ஆரம்பித்தது, கொஞ்ச நேரத்தில் கோபமுள்ளவர் என்று திரும்பியது. கல்லுக்கும் சொரூபத்துக்கும் முழங்கால் போட்ட தீவை உம்முடைய கரம் அடித்ததே, உம்முடைய பிள்ளைகள் அந்நியரோடு சம்பந்தம் வைத்ததை நீர் பொறுக்கவில்லையே, இந்த வீட்டாருக்கு மனந்திரும்புகிற இருதயத்தைத் தாரும் என்று போனார். நான் கண்ணைத் திறந்து அம்மாவைப் பார்த்தேன். அம்மா எப்போதோ திறந்துவிட்டிருந்தாள்.

"ஏனுங்க மூப்பரே," என்றார் கம்பவுண்டர், "இது ஜெபமுங்களா, இல்ல தீர்ப்புங்களா?"

ஜெபத்தின் நடுவில் எங்கள் சபையில் அதுவரை யாரும் வாயைத் திறந்ததில்லை. மாமா கண்ணைத் திறந்தார். "வேதத்துல இல்லாததையா சொல்லிப்போட்டேன்? அந்தக் காலத்துல வெள்ளம் எதுக்கு வந்துச்சு? நெருப்பு எதுக்கு விழுந்துச்சு?"

"கோபுரம் விழுந்து செத்தவங்க மத்தவங்களவிடப் பாவிங்களான்னு இயேசு கேட்டதும் வேதத்துலதானுங்க இருக்குது. அந்த ரயில்ல கைக்குழந்தைங்க இருந்துதுங்க. அதுங்க என்ன பாவம் பண்ணுச்சு?"

"பெத்தவங்க பாவம்."

"மூப்பர் சொல்றது சரிதானுங்க. அந்தக் கடற்கரையில கள்ளக்கடத்தல் கொஞ்சமா?" என்று மாமா பக்கத்திலிருந்து ஒருவர் குரல் கொடுத்தார். "வாய மூடுங்க, எழவூட்ல வந்து பேசற பேச்சா இது?" என்று மில்லில் வேலை செய்யும் ஒரு அம்மா அவர்மேல் பாய்ந்தாள். ஐயர் இரண்டு கையையும் தூக்கி, "தேவனுடைய வழிகள் நமக்குத் தெரியாதுங்க, அமைதியா இருங்க" என்றார். இரண்டு பக்கமும் அவரைத்தான் முறைத்தது.

அம்மா எழுந்து நின்றாள். "ஏனுங்கண்ணா, பிளேக் வந்தப்ப நம்மப்பனும்தானே செத்தாரு. அவரும் பாவியா?"

மாமா கொஞ்சமும் யோசிக்கவில்லை. "ஆமா. அப்பன் குடிச்சாரு. உனக்குத் தெரியாது, நீ அப்ப மடியில கெடந்த."

அப்போதுதான் உள்ளே நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. அக்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டு கதவருகில் வந்து நின்றாள்.

"மாமா," என்றாள், "எந்திரிச்சுப் போயிருங்க."

"அம்மணி, உன்ற நல்லதுக்குத்தான்..."

"போயிருங்க. இனிமே இந்த ஊட்டு வாசப்படி மிதிக்காதீங்க."

வீட்டுக்கு வந்தவரைப் போ என்று சொல்கிற வழக்கம் எங்கள் பக்கத்தில் கிடையாது. அதிலும் தாய்மாமனை. அவள் கத்தக்கூட இல்லை, மரியாதை குறையாமல் 'ங்க' போட்டே சொன்னாள். மாமா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு இறங்கினார். அவர் பின்னால் பாதிச் சபை எழுந்து போனது. காப்பி கலந்து வைத்தபடி அடுப்படியில் ஆறிக்கொண்டிருந்தது.

அதற்கப்புறம் ஆராதனையிலேயே இரண்டு கட்சி. மாமாவின் ஆட்கள் வலது பக்கப் பெஞ்சுகளில், நாங்களும் கம்பவுண்டர் குடும்பமும் இடது பக்கம். ஆராதனை முடிந்ததும் தோத்திரம் சொல்லிக் கை கொடுப்பது நின்றுபோனது. அக்காவுக்குப் பையன் பிறந்தபோது மாமா வீட்டிலிருந்து ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை. அத்தை மட்டும் குழாயடியில் என்னைப் பிடித்து, "யார் சாடை கண்ணு?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்கு நிற்காமல் குடத்தைத் தூக்கிக்கொண்டு நடந்தாள்.

கோடையில், மழைக்கு முன்னால் வருகிற சூறைக்காற்று மேட்டுப்பாளையத்தில் அடித்தது. மாமாவின் தோட்டத்தில் குலை தள்ளிய வாழை அத்தனையும் சாய்ந்துவிட்டது என்று சேதி வந்தது. அம்மா அன்றைக்கு நல்ல சேலையாக எடுத்துக் கட்டினாள். "வா, பஸ்ஸுக்குப் போலாம்" என்று என்னைக் கூட்டிக்கொண்டு கிளம்பினாள். துக்கம் கேட்கப் போகிறாள் என்றுதான் நினைத்தேன். பஸ்ஸில் அவள் முகத்தைப் பார்த்தபோது அப்படித் தோன்றவில்லை.

தோட்டத்தில் கால் வைக்க இடமில்லை. மரங்கள் எல்லாம் ஒரே பக்கமாக முறிந்து கிடந்தன. பக்கத்துத் தோட்டம் ஒரு கவுண்டருடையது, அதுவும் அப்படியேதான் கிடந்தது. மாமா சேற்றில் குத்துக்காலிட்டு, ஒரு பிஞ்சுக் குலையை வெட்டிக்கொண்டிருந்தார்.

அம்மா வரப்பிலேயே நின்றாள். "என்னங்கண்ணா, இது எந்தப் பாவத்துக்கு?"

அவர் வெட்டுவதை நிறுத்தவில்லை. "என்ற பாவத்துக்குத்தான்" என்றார்.

அம்மா அதை எதிர்பார்க்கவில்லை. "அப்ப அன்னிக்கு எம்புள்ளையப் பேசுனது தப்புன்னு ஒத்துக்கறீங்களா?"

"அது தப்பில்ல. அவளுக்கு வந்தது அவ பாவத்துக்கு, எனக்கு வந்தது என்ற பாவத்துக்கு. நான் ராத்திரி பூரா முழங்கால்ல கெடந்தேன். நீங்க யாராச்சும் கெடந்தீங்களா?"

அம்மா குனிந்து ஒரு பிடி சேற்றை அள்ளினாள். எறிந்துவிடுவாள் என்று பயந்தேன். கீழே போட்டுவிட்டு, நல்ல சேலையிலேயே கையைத் துடைத்துக்கொண்டு திரும்பி நடந்தாள். "மனுசனே இல்ல இவன்" என்று பஸ் ஸ்டாண்டு வரைக்கும் சொல்லிக்கொண்டே வந்தாள்.

வீட்டில் நடந்ததைச் சொன்னதும் அக்கா அம்மாமேல் திரும்பினாள். "அவரு எங்கிட்டப் பேசுனதையே நீயும் அவருகிட்டப் போயிப் பேசிப்போட்டு வந்திருக்கற. என்ற புருசனும் அந்த வாழையும் உங்க ரெண்டு பேருக்கும் ஒண்ணு." அம்மா அழுதாள். அக்கா சமாதானப்படுத்தவில்லை. இருவரும் பல நாள் பேசவில்லை.

பின்னால் அக்காவுக்குப் போத்தனூரில் ரயில்வே வேலை கிடைத்தது. பையனை வளர்த்தாள். சபைக்கு வருவதை மட்டும் விடவில்லை. ஒரு வருஷம் மழையே இல்லாமல் கிணறெல்லாம் வற்றியபோது மழைக்காக விசேஷ ஆராதனை வைத்தார்கள். புதிதாக வந்திருந்த ஐயர், "எங்கள் பாவங்களினிமித்தம் வானத்தை அடைத்தீரே" என்று தொடங்கினார். முன் பெஞ்சிலிருந்து மாமா உரக்க ஆமென் சொன்னார்.

அக்கா பையனைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு எழுந்தாள். "மழ வேணும்னா கேளுங்க," என்றாள், எல்லோருக்கும் கேட்கும்படி. "ஏன் பேயலைன்னு உங்களுக்கு யாரு சொன்னது?"

பதிலுக்கு நிற்காமல் வெளியே போனாள். மாமா திரும்பிப் பார்த்தார். அம்மா அவரை நேருக்கு நேர் பார்த்துக்கொண்டே எழுந்து, அக்காவின் பின்னால் நடந்தாள். நானும் எழுந்தேன்.