கெட்டதை மட்டும் சொன்னேன்

எங்கள் வீட்டின் மொழிபெயர்ப்பாளராக நான் பதவியேற்றபோது எனக்கு ஆறு வயது. சம்பளம் கிடையாது, லீவு கிடையாது, ராஜினாமா செய்யவும் வழி கிடையாது. பல் வைத்தியர், காப்புறுதிக் கடிதம், வீட்டுச் சொந்தக்காரர் படிக்கட்டில் ஒட்டிவிட்டுப் போகும் அறிவித்தல் என்று எல்லாவற்றுக்கும் அப்பா என்னைத்தான் கூப்பிடுவார். அவருக்குப் பாஷை தெரியாது என்றில்லை. சுவிஸின் பீல் நகரத்துக் கடிகாரத் தொழிற்சாலை ஒன்றில் பல வருடங்களாக முள் பொருத்திக்கொண்டிருந்தவர். மேற்பார்வையாளரோடு கதைக்கிற அளவுக்குப் பிரெஞ்சும், கடையில் சாமான் வாங்குகிற அளவுக்கு ஜெர்மனும் வைத்திருந்தார். ஆனால் இந்த ஊர்ச் சனம் வாய்க்குள் போட்டு மெல்லும் சுவிஸ் ஜெர்மன் மட்டும் அவருக்குப் பிடிபடவேயில்லை. வகுப்பில் என் வாய் ஓயாது என்று ஆசிரியை முறையிட்டால், "நான் வகுப்பில நல்லாக் கதைக்கிறனாம்" என்று அப்பாவுக்குப் போகும். அவரும் பெருமையோடு ஆசிரியைக்குத் தலையாட்டுவார்.

அதெல்லாம் சில்லறைக் களவு. பத்து வயதில் நான் செய்தது வேறு.

ஊரில் சண்டை முடிந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. சுவிஸ் பாஸ்போர்ட் எடுத்த தமிழர்கள் எல்லாரும் கோடை விடுமுறைக்கு இலங்கைக்குப் பறக்கத் தொடங்கிவிட்டார்கள். கோயிலில், கலியாண வீட்டில், தமிழ்க் கடையில், எங்கே கண்டாலும் அப்பாவிடம் ஒரே கேள்விதான். "நீங்கள் எப்ப போறியள்?" அப்பா சிரித்துக்கொண்டே "போவம், போவம்" என்பார். அந்தப் "போவம்" கேட்டதும் நான் அவருடைய கையைப் பிடித்து வெளியே இழுப்பேன். ஆராவ் நகரத்தில் இருந்த பெரியம்மாவின் மகள் அங்கே ஒரு மாதம் நின்றுவிட்டு வந்திருந்தாள். காலெல்லாம் நுளம்பு கடித்த தழும்பு. கழிவறையில் தவளை இருந்ததாம், வைஃபை இல்லையாம், வயிற்றோட்டத்தில் நாலு கிலோ குறைந்ததாம். "நீங்கள் ஒரேயடியாப் போகப்போறியளாமே? ஐயோ பாவம்" என்று என் தோளைத் தடவிவிட்டாள். யார் சொன்னது என்று கேட்டேன். "உங்கட அப்பாதான் போவம் எண்டு எல்லாருக்கும் சொல்லுறாரே" என்றாள். அன்றிலிருந்து எனக்குச் சரியான நித்திரை இல்லை. எனக்கு என் அறை இருந்தது, என் சிநேகிதிகள் இருந்தார்கள், குளிர்காலத்தில் சறுக்குவதற்குப் பனித்தளம் இருந்தது. இவற்றை விட்டுவிட்டுத் தவளையோடு குடித்தனம் நடத்த நான் தயாராக இல்லை.

இந்த நேரம் பார்த்துத்தான் எங்கள் கீழ்வீட்டுக்காரர் இலங்கைக்குக் குடிபோனார். சுவிஸ்காரர், பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர், மனைவியை இழந்து தனியாக இருந்தவர். ஒரு தடவை சுற்றுலா போனவருக்கு அந்தக் கடல் பிடித்துவிட்டது. குளிரில் முழங்கால் நோகுது, இங்கே கிடைக்கிற ஓய்வூதியத்தில் அங்கே ராசா மாதிரி இருக்கலாம் என்று சொல்லி, வீட்டை விட்டுவிட்டு இரண்டு பெட்டியோடு புறப்பட்டார். போன இடம் கிழக்குக் கரை. அப்பாவின் ஊரிலிருந்து பஸ்ஸில் அரைமணி நேரம்.

அவருக்கு வரும் கடிதங்களுக்கு அப்பாதான் பொறுப்பு. எங்கள் தபால்பெட்டியில் எங்கள் பெயருக்குக் கீழே அவர் பெயரையும் ஒட்டினோம். ஞாயிறு மத்தியானம் ஸ்கைப்பில் அழைப்பார். நான் கடிதங்களைப் பிரித்து வாசித்துக் காட்டுவேன். அது ஐந்து நிமிட வேலை. மிச்ச முக்கால் மணி நேரமும் அவர் அந்தத் தீவின் நல்லது கெட்டதுகளைக் கொட்டித் தீர்ப்பார். அப்பா கதிரையை என் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டு, "என்னவாம் மகள்? என்னவாம்?" என்று என் முழங்கையை இடித்துக்கொண்டேயிருப்பார். அம்மாவுக்கு ஞாயிறுகளில் முதியோர் இல்லத்தில் வேலை. கிழவிகளோடு கதைத்துக் கதைத்து அவவுக்குச் சுவிஸ் ஜெர்மன் தண்ணீர் பட்ட பாடு. அவ வீட்டில் நின்றிருந்தால் என் களவு ஒரு கிழமைகூட ஓடியிருக்காது.

நான் செய்தது இவ்வளவுதான். அவர் சொன்ன கெட்டதையெல்லாம் சொன்னேன். நல்லதையெல்லாம் விழுங்கினேன்.

கெட்டதுக்குப் பஞ்சமில்லை. கணினிக்குள் எறும்பு குடியிருந்தது. உப்புக் காற்றில் அவருடைய கோப்பி மெஷின் துருப்பிடித்துச் செத்தது. விசாவை நீட்டுவதற்குக் கொழும்புக்குப் போய் நாள் முழுக்க வரிசையில் நின்றார். ஓட்டோக்காரர்கள் அவருடைய தோலைப் பார்த்து விலை சொன்னார்கள். எல்லாவற்றையும் சிந்தாமல் சிதறாமல் அப்பாவிடம் கொண்டுபோய்ச் சேர்த்தேன். ஆனால் அப்பா பயப்படுவதாகத் தெரியவில்லை. "கரண்ட் அடிக்கடி போகுதாம்" என்றால், "இன்னும் போகுதா!" என்று பழைய சிநேகிதனைப் பற்றி விசாரிப்பதுபோல முகம் மலர்வார். எறும்புக்கு விழுந்து விழுந்து சிரித்தார். ஒருநாள் "அங்க பள்ளிக்கூடங்கள் எப்படியாம்? கேள்" என்றார். பள்ளிக்கூடம் எதற்கு? எனக்குத்தானே! கீழ்வீட்டுக்காரர் சொன்னார், காலையில் பிள்ளைகள் வெள்ளைச் சீருடையோடு அவர் வீட்டைத் தாண்டிப் போகும்போது குட்மோர்னிங் சொல்வார்களாம், அந்தச் சத்தத்தில்தான் அவர் எழும்புவாராம். நான் அப்பாவின் பக்கம் திரும்பி, "வாத்திமார் அடிக்கிறாங்களாம்" என்றேன். அப்பா அதற்கும் சிரித்தார்.

எறும்பாலும் பிரம்பாலும் இந்த மனுசனை அசைக்க முடியாது என்று எனக்கு விளங்கியது. அடுத்த ஞாயிறு கீழ்வீட்டுக்காரர் பக்கத்து வீட்டுக் கொண்டாட்டம் ஒன்றைப் பற்றி நீளமாகச் சொல்லி முடித்தார். "என்னவாம்?" என்றார் அப்பா. நான் துணிந்து ஒரு முழுப் பொய்யைச் சொன்னேன்.

"அங்க உள்ள சனம் அவரோட கதைக்கிறதில்லையாம். வெளியில இருந்து வந்த ஆள் எண்டு ஒருத்தரும் வீட்டுக்குள்ள எடுக்கிறதில்லையாம்."

அப்பா என் முழங்கையிலிருந்து கையை எடுத்தார். "எங்கட சனமா?" என்றார்.

"ஓம்."

"எங்கட சனம் அப்படிச் செய்யாது மகள். வடிவாக் கேட்டியா?"

"அவர்தான் சொல்றார்."

அப்பா திரையில் சிரித்துக்கொண்டிருந்தவரைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு எழும்பிப்போய் பல்கனியில் நின்றார். அதற்குப் பிறகு வந்த ஞாயிறுகளில் கடிதம் வாசித்து முடிந்ததும் "சரி, வை" என்றுவிடுவார். தமிழ்க் கடையில் யாரோ கேட்டபோது "போவம்" என்று சொல்லாமல், "பாப்பம்" என்றார். வென்றுவிட்டேன் என்று நினைத்தேன். அந்தச் சந்தோசம் ஒரு மாதம்கூட நிலைக்கவில்லை. முழங்காலைப் பரிசோதிக்க நவம்பரில் பீலுக்கு வருகிறேன், ஞாயிறு மத்தியானம் உங்கள் வீட்டில் சோறு சாப்பிட வேண்டும் என்று கீழ்வீட்டுக்காரர் அறிவித்தார்.

இரண்டு கிழமை நான் பட்ட பாட்டை வைரிக்கும் விரும்பமாட்டேன். காய்ச்சல் வரட்டும் என்று ஈரத் தலையோடு பல்கனியில் நின்று பார்த்தேன், ஒரு தும்மல்கூட வரவில்லை. அம்மா அந்த ஞாயிறுக்கு லீவு எடுத்துக்கொண்டா என்று தெரிந்ததும் எனக்கு மிச்சமிருந்த உயிரும் போய்விட்டது.

அவர் கறுத்து, மெலிந்து, பத்து வயது குறைந்தவராக வந்தார். வாசலிலேயே கைகூப்பி "வணக்கம், சுகமா?" என்று தமிழில் கேட்டார். அம்மாவின் கையில் ஒரு பை கஜுக் கொட்டையைக் கொடுத்தார். அம்மா பரிமாறுவதும் குசினிக்குள் போவதுமாக இருந்தா. அவ உள்ளே போகும்போதெல்லாம் நான் மூச்சு விட்டேன். சாப்பாட்டுக்கு நடுவிலேயே அவர் மடிக்கணினியைத் திறந்து படங்களைக் காட்டத் தொடங்கினார்.

முதல் படம் கடல். இரண்டாவது, இடுப்பில் சாரம் கட்டிக்கொண்டு அவர். மூன்றாவதில் ஒரு வீட்டின் நடுக்கூடத்தில் பாயில் சம்மணமிட்டு உட்கார்ந்து வாழையிலையில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். மடியில் ஒரு சின்னப் பிள்ளை. சுற்றிவர பத்துப் பதினைந்து பேர், எல்லாருக்கும் வாயெல்லாம் பல். அப்பா சாப்பாட்டுக் கையை அந்தரத்தில் நிறுத்தி அந்தப் படத்தைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். நான் பருப்பைப் பிசைந்தேன். கீழ்வீட்டுக்காரர் என் பக்கம் குனிந்து, இந்தக் கொண்டாட்டக் கதையை அப்பாவுக்குச் சொன்னாய்தானே, சிரித்தாரா, என்று கேட்டார். சிரித்தார் என்றேன்.

அதோடு விட்டாரா மனுசன்! நிமிர்ந்து உட்கார்ந்து, அப்பாவின் முகத்தைப் பார்த்து, வருகிற கோடைக்கு எல்லாரும் என்னிடம் வாருங்கள், இரண்டு அறை சும்மா கிடக்கிறது, வந்து பார்த்தால் திரும்ப மனம் வராது என்றார்.

"என்னவாம் மகள்?"

"சாப்பாடு நல்லா இருக்காம்."

"அவர் அப்பிடிச் சொல்லேல்லை." அம்மா எனக்குப் பின்னால் சொதிச் சட்டியோடு நின்றா. சட்டியை மேசையில் வைத்துவிட்டு, "கோடைக்கு எங்களை அங்க வரட்டாம். இரண்டு அறை இருக்காம்" என்றா.

என் கதை முடிந்தது என்று நினைத்தேன். அப்பா எழும்பி, கை கழுவித் துடைத்துக்கொண்டு, அறைக்குள் போனார். அலுமாரி திறக்கும் சத்தம் கேட்டது. திரும்பி வந்து, நீல அட்டை போட்ட தன் பயணப் புத்தகத்தை விரித்துக் கீழ்வீட்டுக்காரரின் கையில் கொடுத்தார். அகதிகளுக்கு சுவிஸ் அரசு பாஸ்போர்ட்டுக்குப் பதிலாகக் கொடுக்கும் புத்தகம். என்னிடமும் ஒன்று இருந்தது. அதில் என் படம் அசிங்கமாக இருக்கிறது என்பதைத் தவிர நான் வேறெதையும் பார்த்ததில்லை. அப்பா ஒரு வரியின் கீழே விரலை வைத்தார். கீழ்வீட்டுக்காரர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு உரத்து வாசித்தார். எல்லா நாடுகளுக்கும் செல்லுபடியாகும், இலங்கையைத் தவிர.

அவர் அதை இரண்டாம் தடவை சத்தமில்லாமல் வாசித்தார். சண்டைதான் முடிந்துவிட்டதே என்று அம்மாவிடம் கேட்டார். போனால் இங்கே இருக்கிற உரிமை போய்விடும் என்று அம்மா அவருக்கு விளங்கப்படுத்தினா. அவர் மடிக்கணினியை மெல்ல மூடினார்.

எனக்கு அதெல்லாம் எங்கே கண்ணில் பட்டது? "அப்ப எங்களால அங்க போகவே ஏலாதா அப்பா?" என்றேன்.

"ஏலாது மகள்."

"ஒருநாளும்?"

"இப்ப ஏலாது."

அப்பாடா! நெஞ்சிலிருந்து ஒரு அம்மிக்கல்லை இறக்கி வைத்ததுபோல இருந்தது. இரண்டாம் தடவை சோறு போட்டுக்கொண்டு, இரண்டு அப்பளமும் எடுத்துக்கொண்டேன். அப்படி ருசித்துச் சாப்பிட்டு எத்தனையோ மாதமாகியிருந்தது.

கீழ்வீட்டுக்காரர் போன பிறகு அப்பா மேசையிலேயே இருந்தார். "இந்தாள் இவ்வளவு காலமும் நல்லதா ஒண்டும் சொல்லல்லையா மகள்?" என்று கேட்டார். குரலில் கோபம் இல்லை. இனிப் பயப்பட என்ன இருக்கிறது! ஒன்றையும் மறைக்காமல் ஒப்புக்கொண்டேன். சனம் கதைக்கவில்லை என்றது பச்சைப்பொய் என்றும் சொன்னேன். அப்பா தலையாட்டினார். "எங்கட சனம் அப்படிச் செய்யாது எண்டு நான் சொன்னன்தானே" என்றார், அவ்வளவுதான்.

செய்த பிழைக்குப் பரிகாரம் செய்ய வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு, விழுங்கியதையெல்லாம் ஒவ்வொரு ஞாயிறாக எடுத்துக் கொடுத்தேன். விடியக் காலையில் கடல் குளம் மாதிரிக் கிடக்குமாம். கரைவலை இழுக்கிறவர்கள் அவருக்குப் பாரை மீன் சும்மா கொடுப்பார்களாம். தவறவிட்ட பணப்பையை ஓட்டோக்காரர் ஒருவர் வீடு தேடி வந்து கொடுத்தாராம். அவர் தனியாகச் சாப்பிட்டால் பக்கத்து வீட்டு அக்கா ஏசுவாவாம். அப்பா சிரித்தார், "பிறகு?" என்றார், "எந்தப் பக்கக் கரையாம்?" என்றார். ஆற்றுக்கு மேலே புதுப்பாலம் போட்டிருக்கிறார்கள் என்றேன். "எவ்வளவு நீளமாம்?" என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. நல்ல நீளமாம், பின்னேரத்தில் சனமெல்லாம் அதில் காற்று வாங்க நிற்குமாம் என்றேன். அப்பா எழும்பிக் குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்தினார். தண்ணீர்க் குழாயைத் திறந்துவிடும் சத்தம் கேட்டது.

"போதும், விடு பிள்ளை" என்றா அம்மா.

எனக்குச் சரியான கோபம். பொய் சொன்னாலும் குற்றம், உண்மை சொன்னாலும் குற்றம், இந்த வீட்டில் ஒரு பிள்ளை என்னதான் செய்வது? நல்லதில் பாதிக்குமேல் இன்னும் சொல்லாமல் கிடந்தது. நான் குளியலறைக் கதவடியில் போய் நின்றேன். உள்ளே தண்ணீர் ஓடிக்கொண்டேயிருந்தது. அந்தச் சத்தத்தில் அப்பாவுக்குக் கேட்காமல் போய்விடுமே என்று குரலை உயர்த்தி, அந்த ஊர்ப் பப்பாப் பழம் எவ்வளவு இனிப்பாம் என்று சொல்லத் தொடங்கினேன்.