ஜெயம்மாவின் தகப்பன் நம்பர் கொப்பி

புளத்கொகுபிட்டியவுக்குப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில், பிள்ளைக் காம்பராவில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்பவள் ஜெயம்மா. யார் யாருக்குப் பங்காளி, யாருக்கு யார் முறை என்று கேட்க எல்லோரும் அவளிடம்தான் வருவார்கள். முதலில் கிளை கிளையாகப் படம் வரைந்து பார்த்தாள். ஐந்து தாள் ஒட்டியும் முத்தையா குடும்பம் சுவரைத் தாண்டிப் போனது. படத்தைக் கிழித்துவிட்டு, ஒரு கொப்பியில் ஆளுக்கொரு நம்பர் போட்டாள்; பெயருக்குப் பக்கத்தில் தகப்பனுடைய நம்பர். அவ்வளவுதான். நம்பரைப் பிடித்து ஏறினால் கடல் கடந்து வந்த முதல் ஆளில் போய் நிற்கும். அவருக்கு மேலே யாரென்று தெரியாததால், அவர் நம்பரையே தகப்பன் நம்பராகவும் போட்டு வைத்தாள்.

2004இல் அவள் மகள் மல்லிகாவை அழகமுத்துவின் மகன் ஸ்ரீதரனுக்குப் பேசினார்கள். அழகமுத்து பழைய கங்காணி. தன் தாத்தன் பெயரே தெரியாதவர். ஆனால் எதையும் சோதிக்காமல் விடமாட்டார். மகனோடு ஜெயம்மா வீட்டுக்கு வந்தவர், கொப்பியை வாங்கி விரல் வைத்து ஏறினார்.

“என்ன தங்கச்சி, ரெண்டு வழியும் சடையன்கிட்டதானே போகுது? அப்ப பங்காளிப் பிள்ளைங்க. இந்தக் கல்யாணம் நடக்காது.”

உள்ளே மல்லிகா விசும்பும் சத்தம் கேட்டது.

“சடையனுக்கு மேல ஏறுங்கண்ணே,” என்றாள் ஜெயம்மா.

“சடையன் ஆறு. தகப்பன் மூணு. மூணு, வீரன். வீரனுக்குத் தகப்பன்... ஆறு.” அழகமுத்து கண்ணாடியைக் கழற்றினார். “சடையனுக்கு அப்பன் வீரன், வீரனுக்கு அப்பன் சடையன். எவன்தான் எவனைப் பெத்தான்?”

“மாறி மாறிப் பெத்திருப்பாங்கப்பா,” என்றான் ஸ்ரீதரன். அப்பா பார்த்த பார்வையில் வாசலுக்குப் போய்விட்டான்.

ஜெயம்மாவுக்கு விளங்கிவிட்டது. போன மாதம் முதல் பக்கத்தில் பிள்ளைகளின் கஞ்சி கொட்டிவிட்டது. அந்தப் பழைய ஆட்களை வயது வரிசையில் புதிதாக எழுதிப் புது நம்பர் கொடுத்தவள், தகப்பன் நம்பர்களைப் பழையபடியே விட்டிருந்தாள். கஞ்சி காய்ந்த பழைய தாளைத் தேடி எடுத்தாள்; அதில் ஆறு சடையன் இல்லை, வீரன். அதைப் பார்த்துத் தகப்பன் நம்பர்களைப் பழையதற்குப் புதியதாக ஒவ்வொன்றாக மாற்றினாள்.

அழகமுத்து மறுபடி ஏறினார். மல்லிகாவின் வழி முத்தையாவிலும் ஸ்ரீதரனின் வழி வீரனிலும் நின்றன. விசும்பல் நின்றது.

“சரி. பேரப்பிள்ளைங்களுக்கு இப்பவே ஸ்ரீதரனுக்குக் கீழ மூணு நம்பர் எழுதிடு.”

“நடுவுல யாரையும் சொருகினா மறுபடி நம்பரெல்லாம் மாறிடும்ணே. பொறக்கிறவங்க கடைசியில வந்து நிக்கட்டும்.”

“கங்காணி வீட்டுப் பிள்ளைங்க கடைசியிலயா?”

“ஆமாண்ணே.”

அழகமுத்து கொப்பியை மூடி ஜெயம்மாவிடம் கொடுத்தார். பிறகு, “தட்டு மாத்தலாம்,” என்றார்.